பூமிக்கு வெளியே மனிதர் குடியேறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பள்ளிக்கூட வானியல் கழகங்களுக்கும் வாசிப்பு வட்டங்களுக்கும் விண்வெளி பற்றிப் பேசப் போவேன். வானம் தெளிந்த மாலைகளில் காலிமுகத்திடலில் தொலைநோக்கியை வைத்துக் காட்டுவதும் உண்டு. பூமிக்கு வெளியே நிரந்தரமாக வாழ வழி தேடுவதை மனித குலம் தன் முக்கியமான வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதைச் சொன்னதும் எழும் சந்தேகங்கள் எங்கே போனாலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆக்கள் இப்பவும் விண்வெளிக்குப் போய் வருகினம்தானே. இதில புதுசா என்ன இருக்கு?

சர்வதேச விண்வெளி நிலையம் 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. பொழுதுபட்ட பிறகு வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் கடற்கரையில் நின்றால், சில நாட்களில் அதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். மினுங்காத வெள்ளைப் புள்ளி ஒன்று ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்து போகும். நடுவழியில் பூமியின் நிழலுக்குள் புகுந்து சட்டென்று மறைந்துவிடுவதும் உண்டு. அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் கை அசைப்பார்கள்.

ஆனால் அதைக் குடியிருப்பு என்று சொல்ல முடியாது. சாப்பாடு, உடுப்பு, மருந்து, உதிரிப்பாகம் எல்லாம் கீழேயிருந்து போக வேண்டும். பெரும்பாலும் ஆறு மாதம் இருந்துவிட்டு இறங்கி வந்துவிடுகிறார்கள். குடியேற்றம் என்று நான் சொல்வது, காற்றையும் தண்ணீரையும் உணவில் பெரும்பங்கையும் அங்கேயே உண்டாக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வாழ்வதை. பூமியிலிருந்து சில வருடங்களுக்குச் சாமான் வராவிட்டாலும் அந்த ஊர் பிழைத்திருக்க வேண்டும்.

எங்க போறது? சந்திரனா, செவ்வாயா?

சந்திரன் பக்கம்: 384,400 கிலோமீற்றர், மூன்று நாள் பயணம். பழுது வந்தால் திரும்பி ஓடிவரலாம். 2008 இல் அனுப்பிய சந்திரயான்-1 அங்கே நீரின் தடயத்தைக் கண்டது. துருவப் பக்கத்துப் பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தென்துருவத்துக்கு அருகே இறங்கியபோது எல்லோரும் அந்த இடத்தைப் பற்றிப் பேசியது அதனால்தான். ஆனால் ஓர் இரவு பூமிக் கணக்கில் இரண்டு கிழமை. காபனும் நைதரசனும் மிகக் குறைவு. பயிருக்கு இரண்டும் வேண்டும்.

செவ்வாயில் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம். காபனீரொட்சைட்டு நிறைந்த வளிமண்டலம் இருக்கிறது, பனிக்கட்டி ஏராளம். ஆனால் வளியமுக்கம் பூமியுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, சராசரி வெப்பநிலை மறை 60 பாகை அளவில். போய்ச்சேர ஆறு முதல் ஒன்பது மாதம். புறப்பட வசதியான காலம் 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். சந்திரனில் பழகி, செவ்வாயில் குடியேறுவதுதான் சரியான வரிசை என்று நினைக்கிறேன்.

முன்னுரிமை எண்டா மத்த எல்லாத்தையும் விட்டிட்டு இதைச் செய்யோணும் எண்டா சொல்லுறீங்க?

இல்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற காசை எடுக்கச் சொல்லவில்லை. உலகிலேயே அதிகம் செலவழிக்கும் விண்வெளி அமைப்பான நாசாவின் ஆண்டுச் செலவு அண்மைக் காலத்தில் சுமார் 2,500 கோடி டொலர். அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் அது அரை வீதம்கூட இல்லை. சந்திரப் பயணத்துக்குத் தயாரான 1966 இல் அது நான்கு வீதத்தைத் தாண்டியிருந்தது. உலக நாடுகள் 2024 இல் இராணுவத்துக்குச் செலவிட்டது ஏறக்குறைய 2.7 இலட்சம் கோடி டொலர்.

நான் கேட்பது சிறிய, ஆனால் நிற்காத பங்கு. சந்திரனில் 12 பேர் நடந்தார்கள், 1972 டிசம்பரோடு எல்லாம் நின்றது. ஒரு தேர்தலுக்கு வேகம், அடுத்த தேர்தலுக்கு வெட்டு என்று போனால் பல தலைமுறை எடுக்கும் வேலை எதுவும் முடியாது.

இஞ்ச காஸ் வரிசையில நிண்டு களைச்ச சனத்திட்ட வந்து செவ்வாய் எண்டு கதைக்கிறது நியாயமோ?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. கோபம் நியாயம். 2022 இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் இரவிரவாக நின்ற ஊர் இது. அந்த வரிசைக்குக் காரணம் கடனும், வரிக் குறைப்பும், தீர்ந்துபோன டொலர் கையிருப்பும். ரொக்கெட்டுக்குப் போன காசு அதில் எங்கும் இல்லை. இலங்கையின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து செவ்வாய்க்குக் காசு ஒதுக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தபோது இங்கே ஏழு மணி ஆகவில்லை. அலை கிழக்குக் கரைக்கு வர இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. பசிபிக்கில் பல பத்தாண்டுகளாகச் சுனாமி எச்சரிக்கை மையம் இருந்தது, இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. கல்முனையில், முல்லைத்தீவில், காலியில் கடல் உள்வாங்கியதைப் பார்க்கப் போன பிள்ளைகள் உட்பட 30,000 பேருக்கு மேல் இந்த நாட்டில் இறந்தார்கள். அறிவு இருந்தது, நேரமும் இருந்தது. உயிரோடிருந்த யாருக்கும் நினைவில்லாத ஆபத்து என்பதால் ஆயத்தம் மட்டும் இருக்கவில்லை. எப்போதாவது ஒரு முறை வரும் பேராபத்தை "பிறகு பாப்பம்" என்று தள்ளினால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? பூமி முழுவதுக்குமான ஆபத்துகளைப் பற்றி நான் பேசுவது அதை மனத்தில் வைத்துத்தான்.

விண்கல் விழும் எண்ட பயம் எண்டா, அதைத் தடுக்கிறது இதைவிட மலிவுதானே?

ஆம், மலிவு. அதை முதலில் செய்ய வேண்டும், செய்தும் வருகிறார்கள். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டிமோர்பஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே மோதி, அது தன் பெரிய துணைச் சிறுகோளைச் சுற்ற எடுக்கும் நேரத்தை அரை மணித்தியாலத்துக்கு மேல் குறைத்தது. 2029 ஏப்ரல் 13 அன்று அபோபிஸ் என்ற சிறுகோள், தொலைக்காட்சிச் செய்மதிகள் நிற்கும் உயரத்துக்கும் கீழே, சுமார் 32,000 கிலோமீற்றரில் கடந்து போகும். மோதாது.

ஆனால் 6.6 கோடி வருடங்களுக்கு முன் டைனோசர்களை அழித்ததைப் போன்ற 10 கிலோமீற்றர் கல் மட்டும் ஆபத்து இல்லை. அணுவாயுதப் போர், ஆய்வுகூடத்தில் உருவாக்கக்கூடிய கொள்ளைநோய், மாபெரும் எரிமலை எல்லாம் இருக்கின்றன. விண்கலத்தால் இடித்துத் தள்ளக்கூடியது அதில் ஒன்றுதான். மனித இனம் முழுவதும் ஒரே கோளில் இருக்கும்வரை, எதிர்பாராத ஒன்றே எல்லோருக்கும் முடிவாகிவிடலாம்.

பூமியை நாசமாக்கிப்போட்டு ஓடப் பாக்கிறீங்கள். அதுதானே உண்மை?

ஓட முடியாது. 800 கோடி பேரை ஏற்றிப் போக எந்த ரொக்கெட்டும் வராது. பூமி எவ்வளவுதான் கெட்டாலும் செவ்வாயின் நல்ல நாளைவிட இங்கே வாழ்வது இலகு. "இது போனால் இன்னொன்று இருக்கிறது" என்று யாராவது பேசினால் அவரை நம்ப வேண்டாம்.

இதற்கு என்னிடம் உள்ள நல்ல சாட்சி அரிசோனா பாலைவனத்தில் கட்டிய பயோஸ்பியர்-2. 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் கண்ணாடிக் கூரைக்குள் போய்க் கதவை அடைத்தார்கள். ஒன்றேகால் ஹெக்டெயருக்குள் குட்டிக் காடு, குட்டிக் கடல், வயல். வாழையும் பப்பாசியும் வற்றாளையும் வைத்தார்கள். இரண்டு வருடம் உள்ளேயே விளைவித்துச் சாப்பிடுவது திட்டம். மாதங்கள் போகப் போக ஒட்சிசன் குறைந்தது: 21 வீதத்திலிருந்து பதினாலரைக்கு வந்தது. படியேற மூச்சு வாங்கியது, நித்திரை கெட்டது. காரணம் காலடியில் இருந்தது. வளமாகப் போட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் ஒட்சிசனை இழுத்துக் காபனீரொட்சைட்டை விட்டன. அதைச் செடிகள் எடுத்து ஒட்சிசனாகத் திருப்பித் தந்திருக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு பகுதியைப் புதுக் கொங்கிறீற்றுச் சுவர் குடித்துவிட்டது. கடைசியில் வெளியிலிருந்து ஒட்சிசன் செலுத்தினார்கள். மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் செத்தன, எறும்பும் கரப்பானும் பெருகின.

தோல்வி என்று இதைப் பத்திரிகைகள் எழுதின. நான் அப்படி நினைக்கவில்லை. பூமி எங்களுக்குச் சும்மா செய்து தருகிற வேலையை எட்டுப் பேருக்குச் செய்வதே எவ்வளவு கடினம் என்று அளந்து காட்டிய முயற்சி அது. மூடிய இடத்தில் வாழப் பழகுகிறவன் கழிவு, தண்ணீர், மண் பற்றிக் கற்றே ஆக வேண்டும். அந்தப் பாடம் முதலில் உதவப்போவது இங்கேதான்.

அங்க மூச்சு விடக் காத்துக்கு எங்க போறது?

அங்குள்ள காற்றிலிருந்தே எடுக்கலாம் என்று செய்து காட்டிவிட்டார்கள். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் மொக்சி என்ற சிறு கருவி போனது. செவ்வாயின் காபனீரொட்சைட்டை 800 பாகைக்குச் சூடாக்கி ஒட்சிசனைப் பிரித்தது. 2021 முதல் 2023 வரை அது தந்தது மொத்தம் 122 கிராம். ஓர் ஆளுக்கு மூன்றரை மணித்தியாலத்துக்குப் போதும். அளவு சின்னதுதான், ஆனால் வேறொரு கோளில் மனிதன் உண்டாக்கிய முதல் ஒட்சிசன் அது. பெரிதாகக் கட்டுவது இனிப் பொறியியல் வேலை.

தண்ணீருக்கு, சிறுநீரையும் வியர்வையையும் சேர்த்து 98 வீதத்தை மீட்கும் நிலையை விண்வெளி நிலையம் 2023 இல் எட்டியது. மண்தான் சிக்கல். செவ்வாய் மண்ணில் பெர்குளோரேற்று உப்பு இருப்பதை 2008 இல் பீனிக்ஸ் விண்கலம் கண்டுபிடித்தது. தைரொயிட்டுக்குக் கேடு. கழுவாமல் அதில் கத்தரி நட முடியாது.

உடம்பு தாங்குமோ?

போய்ச்சேருவதைத் தாங்கும். ரஷ்ய மருத்துவர் வலேரி பொல்யகோவ் 1994–95 இல் மீர் நிலையத்தில் 437 நாட்கள் தொடர்ந்து இருந்துவிட்டு, இறங்கியதும் எழுந்து நடந்தார். ஆனால் எடையற்ற நிலையில் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை வீதம் என்று கரைகிறது. தினமும் இரண்டு மணித்தியாலம் உடற்பயிற்சி செய்துதான் அதைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

கதிர்வீச்சு பெரிய கவலை. செவ்வாய் நிலத்தில் கியூரியோசிற்றி ஊர்தி அளந்தது நாளுக்கு சுமார் 0.67 மில்லிசீவேட். பூமியில் இயற்கையாக எங்களுக்குக் கிடைப்பது வருடத்துக்கே 2.4. அதாவது ஏறக்குறைய நூறு மடங்கு. ஆகவே மேலே பளபளக்கும் கண்ணாடிக் கூடாரப் படங்களை மறந்துவிடுங்கள். முதல் வீடுகள் சில மீற்றர் மண்ணுக்குக் கீழேதான் இருக்கும்.

ஆக்களை அனுப்பாமல் ரோபோவை அனுப்பினாப் போதாதா?

ஆராய்ச்சிக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் போதும். இருந்தாலும் ஒன்று: ஒப்பர்சூனிற்றி ஊர்தி செவ்வாயில் 45 கிலோமீற்றர் ஓட 14 வருடம் எடுத்தது. அப்பல்லோ 17 வீரர்கள் சந்திரனில் மூன்றே நாளில் சுமார் 36 கிலோமீற்றர் ஓடினார்கள். செவ்வாய்க்குச் சமிக்ஞை போகவே மூன்று முதல் 22 நிமிடம் எடுக்கும். குடியேற்றம் என்றால் கேள்வியே வேறு. நமக்குப் பதிலாக ரோபோ வாழ முடியாது.

அங்க பிள்ளை பெறலாமோ, தம்பி?

வயதான அம்மா ஒருவர் இதைக் கேட்டபோது சபையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். பிறப்பு இல்லாத இடம் முகாமாக இருக்கலாம், ஊராக முடியாது.

செவ்வாயின் ஈர்ப்பு பூமியுடையதில் 38 வீதம், சந்திரனுடையது ஆறில் ஒன்று. அந்த ஈர்ப்பில் ஒரு குழந்தை கருவில் வளருமா, எலும்பு சரியாகப் பிடிக்குமா என்பதற்கு மனித குலத்திடம் விடை இல்லை. ஜப்பானிய விஞ்ஞானிகள் எலியின் கருமுளையங்களை விண்வெளி நிலையத்தில் நான்கு நாள் வளர்த்துப் பார்த்தார்கள், ஆரம்பக் கட்டம் வரை ஒழுங்காக வளர்ந்தன. அவ்வளவுதான். சுழற்சியால் செயற்கை ஈர்ப்பைக் கொடுக்கும் பெரிய ஆய்வுகூடம் ஒன்றை ஜப்பான் அந்த நிலையத்துக்காகக் கட்டியது. 2005 இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அது இன்று ஜப்பானின் சுக்குபா நகரில் காட்சிப்பொருளாக நிற்கிறது. எனக்கு மனம் ஆறாத விடயம் இது. பெரிய ரொக்கெட்டுக்கு முன்னால் அப்படியொரு ஆய்வுகூடத்தைத்தான் மேலே அனுப்ப வேண்டும். எலிகள் தலைமுறை தலைமுறையாக நலமாகப் பிறக்கும்வரை குடும்பங்களை அனுப்பக் கூடாது.

அந்த நிலம் ஆருக்குச் சொந்தம்? முதல்ல போற கோடீஸ்வரனுக்கோ?

1967 விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவின்படி சந்திரனையோ வேறு கோளையோ எந்த நாடும் தனதாக்க முடியாது. ஆறாம் பிரிவின்படி தனியார் கம்பனி செய்வதற்கும் அதன் நாடே பொறுப்பு. ஓட்டை எங்கே என்றால், நிலம் சொந்தமில்லை, தோண்டி எடுத்தது சொந்தமா? ஆம் என்று 2015 இல் அமெரிக்காவும் 2017 இல் லக்சம்பேர்க்கும் சட்டம் இயற்றின. எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்ட விதி இன்னும் இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் விட்டால் முதலில் போனவர் வைத்ததே சட்டமாகும்.

அங்கேயும் லயத்தக் கட்டி எங்க ஆளுங்களத்தானே வேலைக்குக் கொண்டு போவாங்க?

மலையகத்துக் குடும்பத்திலிருந்து வந்து கொழும்பில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்டது. லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. அதற்குப் பிறகு இதை விட்டுவிட்டு என்னால் பேச முடிவதில்லை.

அந்தக் கதையை அவர் விரித்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள், வழியில் செத்தார்கள். தோட்டத்தில் கால் வைக்கும்போதே வழிச்செலவு கடனாகப் பேரில் ஏறியிருந்தது. அந்தக் கடனைத் தீர்த்து, தீர்ந்ததற்கான துண்டுச்சீட்டு வாங்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. வேலை தருகிறவனே வீட்டையும் அரிசியையும் வைத்திருந்தான். 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்தது, கடைசி ஆட்களுக்கு அது திரும்பக் கிடைக்க 2003 ஆகியது. செவ்வாயில் ஒரு கம்பனி ஊர் கட்டினால், வீட்டோடும் அரிசியோடும் காற்றும் அதன் கையில் இருக்கும். பயணச் செலவைச் சம்பளத்தில் கழிக்கலாம் என்ற பேச்சு இப்போதே இருக்கிறது.

எனவே டீச்சருடைய பயம் சரியானது. அதற்காகப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், விதிகள் ஆட்களுக்கு முன்னால் போக வேண்டும் என்று சொல்வேன். காற்றும் தண்ணீரும் வேலையோடு கட்டப்படக் கூடாது. பூமிக்குத் திரும்பி வர விண்கலத்தில் ஓர் இடம் கடனில்லாமல் உறுதியாக இருக்க வேண்டும். அங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பிறந்த கணமே ஒரு குடியுரிமை வேண்டும். இப்போதைய ஒப்பந்தம் விண்கலம் எந்த நாட்டில் பதிவோ அந்த நாட்டுக்கு ஆட்கள்மேல் அதிகாரம் என்கிறது, பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாடற்றவர்களாக வாழ்ந்த அனுபவம் உள்ள சமூகம் இந்த விதிகளை எழுதும் மேசையில் இருக்க வேண்டும்.

இலங்கை மாதிரிச் சின்ன நாடு இதில என்ன கிழிக்கப்போகுது?

செய்மதியை எங்கே நிறுத்தினால் அது அசையாமல் நிற்பதுபோல் தெரியும் என்று 1945 இல் எழுதிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1956 முதல் இங்கே வாழ்ந்து, 2008 இல் இறந்து, பொரளை கனத்தையில் அடக்கமானார். மொரட்டுவையில் அவர் பெயரில் நிறுவனம் இருக்கிறது. 1965 இல் திறந்த கோளரங்கம் கொழும்பில் இருக்கிறது. 2019 இல் இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானில் கட்டிய இராவணா-1 என்ற சிறு செய்மதி, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. ரொக்கெட் ஏவுவதில் நாங்கள் இப்போதைக்குத் தடையாகத்தான் இருக்கிறோம்: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப்பாதைக்கு ஏவும்போது இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். தூத்துக்குடிப் பக்கம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோ புதிய ஏவுதளம் கட்டுவதற்கு அதுவே முக்கிய காரணம்.

எங்கள் பலம் வேறு இடத்தில். விண்வெளியின் அமைதிவழிப் பயன்பாட்டுக்கான ஐ.நா. குழுவில் இலங்கையும் அங்கத்துவ நாடு. அங்கே முடிவுகள் வாக்கெடுப்பால் இல்லாமல் எல்லோர் இணக்கத்தாலும் எடுக்கப்படுகின்றன. ரொக்கெட் இல்லாத நாட்டின் பேச்சுக்கும் அங்கே எடை உண்டு. முந்தைய இரு கேள்விகளில் சொன்ன விதிகளைக் கேட்டு வாதாட எங்களுக்கு விண்வெளிச் சட்டம் படித்த பத்துப் பேர் வேண்டும். அதற்கு ஏவுதளம் தேவையில்லை.

எப்ப நடக்கும்? என்ர மகன் போவானோ?

ஏ.எல். படிக்கும் பிள்ளையின் தாய் என்றால், மகன் சந்திரனில் வேலை செய்யலாம் என்பது நம்பக்கூடிய ஆசை. செவ்வாயில் தானே தாக்குப்பிடிக்கும் ஊர் அவர் காலத்தில் வராது என்றே நினைக்கிறேன். 26 மாதத்துக்கு ஒரு வாய்ப்பு என்றால் நாற்பது வருட உத்தியோகத்தில் பதினெட்டு வாய்ப்புதான். ஒன்றில் பிழை நேர்ந்தால் திருத்த அடுத்ததுவரை காத்திருக்க வேண்டும். செலவு இறங்குவது உண்மை: நாசாவின் பழைய விண்ணோடத்தில் ஒரு கிலோ ஏற்ற ஐம்பதாயிரம் டொலருக்கு மேல் ஆனதாகக் கணக்கிடுகிறார்கள், திரும்ப இறங்கும் ரொக்கெட் வந்த பிறகு அது மூவாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் மண், உடம்பு, பிறப்பு பற்றிய விடைகள் செலவு இறங்குவதால் வேகமாக வந்துவிடாது.

மகனைப் பௌதிகத்துக்கு மட்டும் தள்ள வேண்டாம். மண் விஞ்ஞானம், கழிவுநீர், தாதியம், மகப்பேற்று மருத்துவம், சட்டம் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருக்கும்.

எது நடந்தா நீங்க இந்த நிலைப்பாட்டை மாத்துவீங்க?

பிள்ளை பற்றிய கேள்விக்கு "முடியாது" என்று விடை வந்தால் செவ்வாயை விட்டுவிடுவேன். அப்போது மிஞ்சுவது சுழலும் விண்வெளி ஊர்கள், பூமியின் ஈர்ப்பைச் சுழற்சியால் உண்டாக்குபவை. 1970களில் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜெராட் ஓ'நீல் கணக்குப் போட்டுக் காட்டிய வழி. பொருளைச் சந்திரனிலிருந்தும் சிறுகோள்களிலிருந்தும் எடுக்க வேண்டியிருப்பதால் பல நூற்றாண்டு பிந்தும். அப்போதும் சிறிய, நிற்காத பங்கைத்தான் கேட்பேன், ஆனால் ரொக்கெட்டைவிட ஆய்வுகூடத்துக்கு.

டீச்சருடைய கேள்விக்கு உலகம் விடை சொல்லாமலே முதல் தொகுதித் தொழிலாளரை ஏற்றினால், அந்தப் பயணத்தை எதிர்த்து நானே பேசுவேன்.